மறந்தவர் யார்?

“கணக்கு வாத்தியாருக்கே கணக்கு மறந்து போச்சு சார்!”

எட்டாம் வகுப்பு மாணவனொருவன் ஓடிவந்து இதைச் சொன்னான். ஆசிரியர் அறை குலுங்கிச் சிரித்தது. சிரித்தவர்களிலே நானும் ஒருவன். பணியிலே சேர்ந்து ஓராண்டு நிறைவுறாத காலம். பட்டம் பெற்ற பெருமிதம் மேனியை விட்டு அகலாத பருவம். சிரித்தேன். மூன்றாண்டுகள் உருண்டோடியும் அந்தச் சிரிப்பு என் தொண்டையிலே முள்ளாகத் தைத்துக் கிடக்கிறது.

அவர் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அரசின் உதவி பெறும் பள்ளியொன்றிலே 29 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவர். தந்தைக்குக் கற்பித்தார்; அந்தத் தந்தை பெற்ற மகனுக்கும் கற்பித்தார். கவராயம் இல்லாமலே கரும்பலகையில் வட்டம் போடுவார். அளந்து பார்த்தாலும் பிசகு தெரியாது. பத்தாம் வகுப்பிலே தோற்றுப் பஞ்சாலைக்கும் பட்டறைக்கும் போகவிருந்த பிள்ளைகளை, மாலை வேளையிலே தம் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, காசு பெறாமல் கற்பித்துக் கரையேற்றியவர். அப்படிக் கரையேறியவர்களிலே பொறியாளர் உண்டு. வங்கி அலுவலர் உண்டு.

54ஆம் வயதிலே அவரிடம் ஏதோ ஒன்று தடம் புரண்டது. கைபேசியிலே மாணவர் வருகையைப் பதிய வேண்டுமே, அது முதலில் வரவில்லை. “கண் மங்குது தம்பி, நீயே போட்டுடு” என்பார். கண் மங்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. மதிப்பெண்களைக் கூட்டினார், கூட்டல் தவறியது. தேர்வு மேற்பார்வைக்கு மூன்றாம் அறை என்றால் ஏழாம் அறையிலே போய் நின்றார். கேட்டதையே மறுபடி கேட்டார். கேட்டோம் என்பதையும் மறந்து மூன்றாம் முறையும் கேட்டார். ஒருநாள், நெடுவகுத்தல் ஒன்றின் நடுவே கை நின்றுவிட்டது. அடுத்த இலக்கத்தைக் கீழே இறக்க வேண்டும், இறக்கவில்லை. சுண்ணக்கட்டியைப் பிடித்தபடியே, மணி அடிக்கும்வரை கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாணவன் ஓடிவந்து சொன்னது அன்றைக்குத்தான்.

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. விளக்கம் கேட்டு ஓர் ஓலை; அதற்கு மறுமொழி இல்லை என்று மற்றோர் ஓலை; கடமை தவறினார் என்று மூன்றாவது. நான்காவது ஓலைக்குத் தேவை எழவில்லை. தாளாளர் அழைத்தார். “விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தால் மாலை மரியாதையோடு போகலாம், இல்லாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கைதான்.” விருப்ப ஓய்வாம்! யாருடைய விருப்பம் அது? எழுதிக் கொடுத்தார். மாலை போட்டோம், சந்தனம் கொடுத்தோம், சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தோம். காலத்தைத் தவறவிடத் தொடங்கிய மனிதருக்குக் கடிகாரம்! அன்றைக்கு அது எங்களுக்கு உறைக்கவில்லை.

ஏழு திங்கள் கழிந்த பின்பு நரம்பியல் மருத்துவர் ஒருவர் பெயர் சொன்னார்: இளவயதிலே தாக்கும் அல்சைமர் நோய். இடையிலே அந்தக் குடும்பம் தாயத்துக்குக் கொடுத்த பணமும் கிரகம் பார்த்தவருக்குக் கொடுத்த பணமும் தனிக்கதை. அதை எழுதினால் இந்த ஏட்டைப் படிக்கும் தோழர்கள் என்ன சொல்வார்கள் என்பது எனக்கே தெரியும், ஆகவே விட்டுவிடுகிறேன். எனக்கு இங்கே வழக்கு, தாயத்துக் கட்டியவனோடு அன்று. பட்டம் பெற்ற நாங்கள், பகுத்தறிவு பேசும் நாங்கள், ஒரு மனிதர் நோயிலே விழுந்ததைக் கண்ணெதிரே கண்டும் அதற்குக் ‘கவனக்குறைவு’ என்று பெயர் வைத்தோமே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஒரு கேள்வி கேட்கிறேன். பணியாளன் நினைவிழந்தால், பணியளித்தவர் அவனுக்குப் பட்டிருக்கும் கடமை என்ன?

“ஒன்றுமில்லை” என்று சொல்வோர் பலர். உழைத்தான், கூலி கொடுத்தோம், கணக்கு நேர். சந்தையிலே கத்தரிக்காய் வாங்குகிறவன் நாளைக்கும் அந்தக் கடையிலேயே வாங்கியாக வேண்டுமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் உழைப்பு கத்தரிக்காயா? 29 ஆண்டுகள் அந்த மனிதர் கற்பித்த காரணத்தால் அந்தப் பள்ளிக்கு ஒரு பெயர் வந்தது. “அங்கே சேர்த்தால் கணக்கு வரும்” என்று பக்கத்து ஊர்ப் பெற்றோரும் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் பெயருக்கு எந்தத் திங்களிலே ஊதியம் கொடுத்தார்கள்? புதிதாக வந்த என் போன்றோருக்கு, வகுப்பை எப்படி அடக்குவது, பயந்த பிள்ளையை எப்படிப் பேசவைப்பது என்று சொல்லிக் கொடுத்தாரே, அது எந்தச் சம்பளப் பட்டியலிலே ஏறியது? நாள் கூலி நாளுக்குச் சரியாகப் போய்விடுகிறது என்பது முதலாளி எழுதிய கணக்கு. அந்த வகுத்தலிலே எப்போதும் மீதி உண்டு. அந்த மீதி தொழிலாளியினுடையது.

கடன் கொடுத்தவன் மறந்துவிட்டான் என்பதற்காகக் கடன் தீர்ந்துவிடுமா? அப்படிச் சொல்கிறவனை ஊரார் என்ன பெயரிட்டு அழைப்பார்கள்?

கல்லூரியிலே படித்தது நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்திலே 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் என்ற அறிஞர், ஒரு மனிதனை நேற்றும் இன்றும் அதே மனிதனாக வைத்திருப்பது அவனது உணர்வுத் தொடர்ச்சியே என்று எழுதினார். நேற்றுச் செய்ததைத் தன் செயலென்று அறிகிற அளவுக்குத்தான் அவன் அதே ஆள். கூர்மையான கருத்துத்தான். ஆனால் இதைத் தாளாளரின் கையிலே கொடுத்துப் பாருங்கள்! “29 ஆண்டுகள் உழைத்த ஆள் போய்விட்டார், இங்கே நிற்பவர் வேறு ஆள், வேறு ஆளுக்கு நாங்கள் ஏன் கடன்பட வேண்டும்?” என்று கேட்டுவிடுவார். தாமஸ் ரீட் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1785இல் இதற்கு எதிராக ஒரு கதை சொன்னார். சிறுவன் ஒருவன் பழத்தோட்டத்திலே திருடி அடி வாங்கினான். வளர்ந்து படை அதிகாரியாகிக் கொடியைக் கைப்பற்றினான். அப்போது அடி வாங்கியது அவனுக்கு நினைவிருந்தது. முதுமையிலே தளபதியானான்; கொடியைக் கைப்பற்றியது நினைவிலிருக்கிறது, அடி வாங்கியது அடியோடு மறந்துவிட்டது. நினைவுதான் ஆள் என்றால், தளபதியும் அதிகாரியும் ஒருவர். அதிகாரியும் சிறுவனும் ஒருவர். ஆனால் தளபதியும் சிறுவனும் வேறு வேறு ஆட்கள்! பொருந்துமா?

தத்துவம் வேண்டாம் என்போருக்கு வயல்வெளியிலேயே விடை இருக்கிறது. நூறு ஏக்கர் நிலத்துக்கு உடையவர் ஒருவர் நினைவிழந்து போகிறார். எந்த வயல் தம்முடையது என்று தெரியவில்லை, வரப்பு தெரியவில்லை, வாரிசு தெரியவில்லை. நிலம் போய்விடுகிறதா? பட்டா கிழிகிறதா? இல்லை! நீதிமன்றம் காப்பாளரை அமர்த்துகிறது. வங்கி வட்டியை வரவு வைக்கிறது. குத்தகைதாரன் நெல்லை அளந்து போடுகிறான். ‘இவர் இப்போது வேறு ஆள்’ என்று ஒருவரும் சொல்வதில்லை. சொத்துடையவன் மறந்தால் சட்டம் அவனுக்காக நினைவு வைத்துக்கொள்கிறது. உழைப்பையே சொத்தாகக் கொண்டவன் மறந்தால் மட்டும் எல்லோரும் சேர்ந்து மறந்துவிடுகிறார்கள்! இந்த ஓரவஞ்சனைக்கு நியாயம் சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

நோயைப் பற்றியும் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். மறதி நோய் என்றதும் நம்மவர் எண்பது வயதுக் கிழவரையே எண்ணிக்கொள்கிறார்கள். அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1901இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் கண்ட அம்மையாருக்கு வயது 51தான். இரயில்வே எழுத்தர் ஒருவரின் மனைவி, அகுஸ்டே. பெயரை எழுதச் சொன்னபோது ‘திருமதி’ என்ற சொல்லை மட்டும் எழுதினார். அடுத்து எழுத வேண்டியது மறந்துபோயிற்று. 1906இல் அவர் இறந்தபின் மூளையைத் துண்டாக்கி நுண்ணோக்கியிலே பார்த்தார் மருத்துவர். படிவங்களையும் முடிச்சுகளையும் கண்டார். அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகர மருத்துவர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஊழுமில்லை, வினையுமில்லை, மூளை என்ற உறுப்பிலே நேர்ந்த கேடு என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்ணாடிச் சில்லிலே காட்டியாயிற்று.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மறதி நோய் உற்றோர் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர். நூற்றுக்கு ஒன்பது பேர்வரை 65 வயதுக்குள்ளேயே பிடிபடுகிறார்கள் என்கிறது அந்நிறுவனம். நூற்றுக்கு ஒன்பது சிறு பங்காகத் தோன்றலாம். ஆனால் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் வேலை செய்துகொண்டிருக்கையிலேயே நோய் வந்து கையைப் பிடிப்பது பெரும்பாலும் இவர்களைத்தான். அங்கே அது மறதியாகவே முதலில் வர வேண்டும் என்பதும் இல்லை. கணக்கிலே வரும், சொல் தேடுவதிலே வரும், திட்டமிட முடியாமையாக வரும். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகை ஒன்று உண்டு. அதிலே நினைவு நிற்கும், பண்பு மாறும். முப்பது ஆண்டு ஒருவரையும் கடிந்து பேசாத மனிதர் திடீரென்று வசை பொழிவார்; பணத்தைக் கண்டபடி செலவிடுவார். மேலதிகாரியின் கண்ணிலே அது நோயாகவா தெரியும்? திமிராகத் தெரியும். நடவடிக்கை பாயும்.

ஆகவே பணியளிப்போரின் முதற்கடமை, ஓலை அனுப்புமுன் மருத்துவரிடம் அனுப்புவது. நல்லவராக வேலை பார்த்தவர் நடுவயதிலே தடுமாறினால், காரணம் என்னவென்று கேட்பது. கேட்பதிலே ஆதாயமும் உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், வைட்டமின் பி-12 குறைந்தாலும், மனச்சோர்வு மிகுந்தாலும் மறதி நோய் போன்றே தோன்றும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. ஓலை அனுப்பி ஓட்டிவிட்ட அலுவலகங்களிலிருந்து, சில மாத்திரைகளால் தேறியிருக்கக் கூடியவர்கள் எத்தனை பேர் வெளியேறியிருப்பார்களோ!

சரி, மறதி நோயே என்று உறுதியாயிற்று. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அப்போது?

சப்பான் நாட்டிலே செண்டாய் என்று ஒரு நகரம். அங்கே டொயோட்டா கார் விற்கும் நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்தவர் தன்னோ டொமோஃபுமி. கைதேர்ந்த விற்பனையாளர். முகங்கள் மறந்தன, கூட வேலை செய்பவரின் பெயரே வாயில் வரவில்லை. 2013இல், 39ஆம் வயதிலே, அல்சைமர் என்றார்கள். வளரும் பெண் பிள்ளைகள் இருவர். வேலை போய்விட்டது என்று எண்ணியபடியே நிறுவனத் தலைவரிடம் போனார். உடல் இயங்குகிறதல்லவா, செய்வதற்கு ஏதாவது வேலை இருக்கும், திரும்பி வா என்ற பொருளிலே தலைவர் பேசினார். விற்பனையிலிருந்து அலுவலக எழுத்துப் பணிக்கு மாற்றினார்கள்.

எப்படிச் செய்தார் வேலையை? இரண்டு குறிப்பேடுகள். ஒன்றிலே, ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதியிருக்கும். மற்றொன்றிலே, செய்ய வேண்டியது என்ன, செய்து முடித்தது என்ன என்ற பதிவு. வழி தவறினால் காட்டுவதற்கு ஓர் அட்டை: ‘எனக்கு இளவயது அல்சைமர் நோய்; இந்த இடத்துக்கு வழி சொல்லுங்கள்.’ அட்டையைக் காட்டினார். மக்கள் வழி சொன்னார்கள். 2015இல் தம்மைப் போன்றோர் வந்து பேசுவதற்கென ஓர் ஆலோசனை இடத்தையும் தொடங்கினார். 2023இல் அவர் வாழ்வைத் தழுவித் திரைப்படமே வந்தது. இரண்டு குறிப்பேடுகளின் விலை என்ன, தோழர்களே? எங்கள் பள்ளி அவருக்குக் கொடுத்த சுவர்க்கடிகாரத்தைவிடக் குறைவு!

அதே சப்பானியர் 2004இல் செய்த மற்றொரு செயலும் சொல்லத்தக்கது. அதுவரை இந்நோய்க்கு அவர்கள் வழங்கிய சொல்லுக்கு மடமை என்ற பொருள் ஒட்டியிருந்தது. அது நோயுற்றாரை இழிவு செய்கிறது என்று அரசே அச்சொல்லை விலக்கி, அறிதிறன் பற்றிய புதுச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தது. சொல்லை மாற்றினால் நோய் மாறுமா என்று கேட்போர் உண்டு. சொல்லின் வலிமை பற்றி இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆசிரியர் அறையிலே அவருக்கு ‘அரைக்கிறுக்கு’ என்று பெயர் வழங்கியது. அந்தப் பெயர் வந்தபின் அவர் அறைக்கு வருவதையே நிறுத்தினார்; சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். எந்தத் தலைமையாசிரியரும் எந்தச் செலவும் இல்லாமல் தடுத்திருக்கக் கூடிய கொடுமை அது. நோயைப் பற்றி யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்பது நோயுற்றவரின் முடிவாக இருக்க வேண்டும். அவர் ஒப்பிய பின்பு, உடன் பணிபுரிவோரை அமர்த்தி விளக்கிச் சொல்ல வேண்டும். இரண்டும் வேண்டும். மூடிவைத்தால் வதந்தி வளரும். ஒப்புதலின்றித் திறந்தால் அது காட்டிக்கொடுப்பு.

“கார் கம்பெனி எழுத்தர் வேலைக்கு இது சரி, பொறுப்பான பதவிக்கு ஆகுமா?” என்பீர்கள். அமெரிக்காவிலே டென்னசி பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியை 1974இல், தம் 22ஆம் வயதிலே, பயிற்றுவிக்கத் தொடங்கியவர் பாட் சம்மிட். 38 பருவங்கள், 1098 வெற்றிகள், எட்டு முறை தேசிய வாகை. 2011 ஆகஸ்டில், 59ஆம் வயதில், தமக்கு அல்சைமர் வகை மறதி நோய் என்று ஊரறியச் சொன்னார். மூட்டுவாதத்துக்கு உண்ட மருந்தின் விளைவென்றே முதலிலே எண்ணியிருந்தார் அவர். பல்கலைக்கழகம் அவரை அனுப்பிவிடவில்லை. தலைமைப் பயிற்சியாளராகவே இருத்தியது. துணைப் பயிற்சியாளர்கள் ஆட்ட நேரத்து முடிவுகளிலும் செய்தியாளரைச் சந்திப்பதிலும் தோள் கொடுத்தார்கள். வேலையைப் பிரித்தார்கள், ஆளைப் பிடுங்கவில்லை. ஒரு பருவம் முழுதும் அப்படி நடந்தது. 2012 ஏப்ரலில் விலகி, மதிப்புறு தலைமைப் பயிற்சியாளர் என்ற பட்டத்தோடு இருந்தார். 2016இல் காலமானார்.

இங்கே ஒரு நெருடல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. விலகும் முடிவு தம்முடையதே என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அதே ஆண்டில் வேறொருவர் தொடுத்த வழக்கிலே பதிவான அவரது உறுதிமொழித் தாள், அடுத்த பருவத்துக்குத் தாம் இல்லை என்பதைத் தமக்கு முதலில் பிறர் சொன்னதாகவும் அதனால் தாம் வருந்தியதாகவும் குறித்தது. எது எப்படியோ, அவ்வளவு நன்றாக நடத்திய இடத்திலும் கடைசி வாசலிலே இந்தக் கேள்வி வந்து நிற்கிறது: ‘போதும்’ என்று சொல்ல வேண்டியவர் யார்? அதற்கும் ஒரு வழி உண்டென்று எண்ணுகிறேன். நோய் தெரிந்த தொடக்கத்திலே, அறிவு தெளிந்திருக்கும் நாளிலே, அவரையும் குடும்பத்தையும் உட்காரவைத்து, எந்த நிலை வந்தால் எந்த வேலையை விடுவது, எப்போது நிறுத்துவது, ஓய்வூதியத் தாள்களில் யார் பெயர் எழுதுவது என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதிவைப்பது. பின்னாளில் அவர் மறந்தாலும் அந்தத் தாள் அவருக்காகப் பேசும்.

எதிர்வாதங்களை ஒதுக்கித் தள்ளுகிறவன் அல்ல நான். பேருந்து ஓட்டுநருக்கு இந்நோய் என்றால் ஓட்டுசக்கரத்தை அவர் கையிலே விடலாமா? கூடாது. பயணிகள் ஐம்பது பேரின் உயிர் அவரது பெருமையைவிடப் பெரிது. அவ்வாறே, வகுத்தல் வராதவரிடம் எட்டாம் வகுப்பு மாணவரை ஒப்படைப்பது மாணவருக்குச் செய்யும் தீங்கு. அதையும் ஒப்புகிறேன். ஆனால் ஓட்டுசக்கரத்தை வாங்கிக்கொள்வதும் ஊதியத்தை வாங்கிக்கொள்வதும் ஒன்றாகிவிடுமா? பணிமனையிலே வேலை இல்லையா? எங்கள் பள்ளியிலே நூலகம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. காலையிலே திறக்க, பிள்ளைகள் எடுத்த நூலைப் பதிவேட்டிலே எழுதவைக்க, திருப்பித் தந்ததை அலமாரியில் அடுக்க ஓர் ஆள் இல்லை. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வகை வேலை, இரைச்சல் இல்லை. மறதி நோயின் தொடக்க நிலையிலே இருப்பவருக்கு மருத்துவர்கள் எதைப் பரிந்துரைப்பார்களோ அது பூட்டிய கதவுக்குப் பின்னே காத்துக் கிடந்தது. எவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். அதன் 20ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது: பணிக்காலத்திலே ஊனம் உற்ற ஊழியரை எந்த அரசு நிறுவனமும் நீக்கக்கூடாது, பதவி இறக்கக்கூடாது. பழைய வேலைக்குத் தகுதியில்லையென்றால் அதே ஊதிய விகிதத்தோடு வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். வேறு வேலை எதுவுமே இல்லையென்றால், தக்க இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரும்வரை கூடுதல் பணியிடம் ஒன்றிலே வைத்திருக்கலாம். அரசு நிறுவனம் என்பதற்கு இலக்கணம் கூறும் இடத்திலே, அரசின் உதவி பெறும் அமைப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறது. உதவி பெறும் அமைப்பு! எங்கள் பள்ளி!

மறதி நோய் என்ற பெயர் அச்சட்டத்தின் அட்டவணையிலே எழுதப்படவில்லை, உண்மை. ஆனால் மனநோய்க்கு அங்கே தரப்பட்டுள்ள விளக்கத்திலே, சிந்தனை, மனநிலை என்ற வரிசையில் நினைவு என்ற சொல்லும் இருக்கிறது. நாட்பட்ட நரம்புநோய்கள் என்ற தலைப்பும் தனியே இருக்கிறது. வாதிட இடம் உண்டு. இதற்கு முந்திய 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இத்தகைய பாதுகாப்பு இருந்தது. காலை இழந்து பணியினின்று நீக்கப்பட்ட காவலர் குணால் சிங் தொடுத்த வழக்கில், 2003இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆகவே, தாளாளர் மாலையோடு நின்ற அன்றைக்கு, ஆறாண்டு ஊதியத்துக்கு உரிமையுள்ள மனிதர் ஒருவரை நாங்கள் கைதட்டி வழியனுப்பிக்கொண்டிருந்தோம். சட்டம் யாருக்கும் நினைவில்லை. மறதி யாருக்கு?

தனியார் ஆலைத் தொழிலாளிக்கோ இந்த உட்பிரிவும் துணை நிற்பதில்லை. தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்ற அளவோடு சட்டம் நின்றுவிடுகிறது. 2025 வரை நடப்பிலிருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டமோ, தொடர் உடல்நலக்கேட்டுக்காக ஒருவரை நீக்கினால் அதை ‘ஆட்குறைப்பு’ என்ற சொல்லுக்குள்ளேயே சேர்க்காமல் இருந்தது. ஆகவே ஆட்குறைப்புக்குரிய இழப்பீடும் அவருக்கு அச்சட்டத்திலே இல்லாமற்போயிற்று. தொழிற்சங்கத் தோழர்கள் கூலி உயர்வுக்கும் போனசுக்கும் எழுப்பும் குரலிலே இதற்கும் ஒரு வரி சேர்க்கலாமே! நோயுற்றால் மாற்றுப்பணி, ஊதியக் குறைப்பின்றி என்று ஒப்பந்தத்திலே எழுதிக் கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை.

நோயால் தாக்கப்படுகிறவர் நோயுற்றவர் மட்டுமா? அவர் மகள் ஓர் ஆடை நிறுவனத்திலே தர ஆய்வாளராக இருந்தாள். தந்தை இருமுறை வீட்டுக்கு வழி தெரியாமல் பேருந்து நிலையத்திலே இரவு முழுதும் உட்கார்ந்திருந்தார். மகள் விடுப்புக் கேட்டாள். கிடைத்தது மூன்று நாள். மறுமுறை கேட்டாள்; வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். வேலையை விட்டாள். ஒரு நோய், ஒரு வீட்டிலே, இரண்டு ஊதியம் போயிற்று. மறதி நோயாளிகளைப் பேணும் நேரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பெண்களின் தலையிலே விழுகிறது என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சப்பானிலே குடும்பத்து நோயாளி ஒருவருக்கு 93 நாள் பேணல் விடுப்பு, மூன்று தவணையாகப் பிரித்தும் எடுக்கலாம் என்று சட்டம் உண்டு. நம் நாட்டிலே மைய அரசின் பெண் ஊழியருக்குக் குழந்தையைப் பேண 730 நாள் விடுப்பு உண்டு, வரவேற்கிறேன். பெற்ற தந்தையைப் பேண? ஈட்டிய விடுப்பிலே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மகளைப் பெற்றவரின் கடைசிக் காலத்துக்கு மகளின் வேலையே விலையா?

சென்ற திங்கள் அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக. நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை, ஆனால் கையிலே தாள்கள் இருப்பதைக் கண்டு, “திருத்தணுமா தம்பி? வை, சாயங்காலம் முடிச்சுத் தர்றேன்” என்றார். அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கொண்டுபோனது விண்ணப்பம். அவரது விருப்ப ஓய்வு விருப்பத்தால் எழுதப்பட்டதன்று, அன்றைக்கே நோய் இருந்தது, மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது, அதனை நீக்கம் செய்து சட்டப்படி பணித்தொடர்ச்சி தர வேண்டும் என்று கல்வித் துறைக்கு எழுதியது. வழக்குரைஞர் ஒருவர் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். வெல்லும் என்று அவர் உறுதி சொல்லவில்லை.

விண்ணப்பத்தோடு, அன்றைய நிலையை நேரில் கண்டோம் என்று சான்றுரைக்க ஆசிரியர்களின் கையொப்பம் வேண்டும். பதினோரு பேரிடம் கேட்டேன். “தாளாளர் என்ன நினைப்பார்?” என்றார் ஒருவர். “முடிந்துபோன கதை தம்பி” என்றார் மற்றொருவர். நான்கு பேர் ஒப்பமிட்டார்கள். நான் ஐந்தாவது. தகுதிகாண் பருவம் எனக்கு இன்னும் முடியவில்லை என்பதைத் தலைமையாசிரியர் அன்போடு நினைவூட்டினார்.

அவர் ஒப்பமிட வேண்டிய இடத்தைக் காட்டினார் அம்மையார். பேனாவை வாங்கினார். தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு, பதிவேட்டிலே 29 ஆண்டுகள் இட்ட அதே ஒப்பத்தை, அதே சாய்வோடு, அடியிலே ஒரு கோடும் இழுத்து இட்டார். மகள் தேதியை எழுதினாள். மறுநாள் பதிவு அஞ்சலிலே அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை வந்திருக்கிறது. மறுமொழி இன்னும் வரவில்லை.